இரும்பு நொதியமும் அமினோவமிலத்தின் ஒட்சியேற்றமும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு ஒட்சியேற்றம் என்னும் இரசாயன மாற்றம் நூல்வழியே மட்டும் அறியவேண்டிய பொருளன்று. கினிகத்தேனையிலிருந்து அற்றன் நோக்கி ஏறும் பெருந்தெருவிற் செல்வோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றைக் கடக்கும்போது காற்றோடு வந்து சேரும் நறுமணம் அம்மாற்றத்தின் மணமேயாம். வாட்டி உருட்டப்பட்ட பச்சைக் கொழுந்து சிறிது நேரத்திற் செம்பு நிறம் பெறுகின்றது. கொழுந்திலுள்ள பொலிபீனோல்கள் வளியின் ஒட்சிசனோடு தாக்கம் புரிவதே இதற்குக் காரணம். அத்தாக்கத்தை நடத்துவது செப்பணுவைத் தன்னகத்தே கொண்ட ஒரு நொதியம். கொழுந்தை நசுக்காது விட்டால் நொதியமும் பொலிபீனோலும் இலையின் வெவ்வேறு அறைகளில் ஒன்றையொன்று காணாது கிடக்கும். எனவே எந்தப் பொருள், எந்த இடத்தில், எதனைச் சந்திக்கின்றது என்பதே இங்கு யாவற்றையும் தீர்மானிக்கின்றது.

கொழுந்திலே செம்பு ஆற்றும் தொழிலை ஒத்த தொழில்களை மனிதவுடலில் இரும்பு ஆற்றுகின்றது. இரும்பு என்றவுடன் குருதியிலுள்ள ஈமோகுளோபினே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஈமோகுளோபினின் இரும்பு ஒட்சிசனைச் சுமந்து சென்று, உரிய இடத்தில் இறக்கிவிடும் சுமைகாரனை ஒத்தது. சுமந்த பொருளை அது உடைப்பதில்லை. இதனின் வேறாக, ஒட்சிசன் மூலக்கூறை இரண்டாகப் பிளந்து, அதன் அணுவை வேறொரு பொருளிற் கொண்டுபோய்ப் பதிக்கும் இரும்பும் உடலிலுண்டு. இவ்விரும்பைக் கொண்ட நொதியங்களுட் சில, புரதங்களின் உறுப்புக்களாகிய அமினோவமிலங்களையே ஒட்சியேற்றுகின்றன. அந்நிகழ்ச்சி எவ்வாறு நடைபெறுகின்றது, கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத அதனைக் கணக்கின் துணைகொண்டு அறிஞர் எவ்வாறு அறிந்தனர், அக்கணக்கை எத்துணை நம்பலாம் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வகை நொதியங்கள் பல. பீனைலலனீன் என்னும் அமினோவமிலத்தைத் தைரோசீனாக மாற்றும் நொதியம் அவற்றுள் ஒன்று. பிறவியிலேயே அது குறைவுறின், உரிய உணவுக் கட்டுப்பாடு இல்லாவிடத்துக் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். திரிப்தோபன் என்னும் அமினோவமிலத்தின் வளையத்தைத் திறந்து, ஒட்சிசனின் இரண்டு அணுக்களையும் அதனிடத்தே சேர்க்கும் நொதியம் மற்றொன்று. மூன்றாவது, புரோலீன் என்னும் அமினோவமிலத்தில் ஓர் ஒட்சிசன் அணுவைச் சேர்த்து ஐதரொட்சிபுரோலீன் ஆக்கும் புரோலில் ஐதரொட்சிலேசு. இம்மூன்றனுள் இறுதியிற் கூறப்பட்டதன் வரலாறு தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் அதனையே எடுத்துக்கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

எலும்பு, தோல், தசைநாண், குருதிக் குழாயின் சுவர் ஆகிய யாவற்றுக்கும் உறுதியளிப்பது கொலாசன் என்னும் புரதம். முலையூட்டிகளின் உடலிலுள்ள புரதம் அனைத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தொடக்கம் மூன்றில் ஒரு பங்கு வரை அதுவேயாகும். அது கெட்டால் உடலுக்கு யாது நேரும் என்பதைப் பண்டைய கடலோடிகள் துன்பத்தின் வாயிலாக அறிந்தனர். பல திங்கள் கடலில் உழன்ற மாலுமிகளின் ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தன; ஆறிய பழம் புண்களும் மீண்டும் திறந்தன. ஸ்கேவி எனப்படும் அந்நோய்க்கு 1747ஆம் ஆண்டில் யேம்சு லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் ஒரு பரிசோதனை செய்தார். நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து குணமடைந்தனர். அப்பழங்களிலுள்ள அசுகோபிக்கமிலம், அதாவது விற்றமின் சி, இரும்பு நொதியமொன்றுக்குத் துணைநிற்கும் பொருள் என்பது தெளிவாவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

கொலாசனின் அமைப்பை முதன்முதல் சரியான திசையிற் கண்டது சென்னைப் பல்கலைக்கழகம். சேர் சி. வி. இராமனின் மாணவராகிய ஜி. என். இராமச்சந்திரன் 1952ஆம் ஆண்டில், தமது முப்பதாம் வயதளவில், அங்குப் பௌதிகவியற் பேராசிரியரானார். அவ்வாண்டிற் சென்னைக்கு வந்த அயர்லாந்திற் பிறந்த அறிஞர் யே. டி. பேர்னால், கொலாசனின் அமைப்பு இன்னும் தீராத வினாவாகவே உள்ளது என்பதை அவர்க்கு எடுத்துக் கூறினார். சென்னையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வாய்ப்பாயிற்று. அங்கிருந்து பெற்ற கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 1954ஆம் ஆண்டில் மூவிழை அமைப்பொன்றை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதனைத் திருத்தி, மூன்று இழைகளும் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை எனக் காட்டினார்.

அதே 1955ஆம் ஆண்டிற் கேம்பிரிச்சிலிருந்து ரிச், கிரிக் என்னும் இருவர் அவ்வமைப்பில் ஒரு குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்பது அவர் கூற்று. இராமச்சந்திரன் அதனை வாதத்தால் மறுக்க முற்படாது, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்போரோடு சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும் திரும்பத்தக்க இரு கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்பதை மேசைக் கணக்குப் பொறியின் துணையோடு கணித்தார். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம், இராமச்சந்திரன் படம் என்னும் பெயரோடு உலகெங்கும் இன்றும் வழங்குகின்றது. புரதத்தைக் கணக்கினால் அறியலாம் என்னும் நம்பிக்கைக்குச் சென்னையில் இடப்பட்ட அடிக்கல் அது. அவ்வடிக்கல், தம் மீது சுமத்தப்பட்ட குறையை நேர்மையாக ஏற்று ஆராய்ந்ததன் பயன் என்பதும் மாணாக்கர் மறவாதிருக்கத்தக்கது.

இனி ஐதரொட்சிபுரோலீனுக்கு வருவோம். கொலாசன் இழையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசீன் உண்டு. எஞ்சிய இடங்களிற் புரோலீனும் ஐதரொட்சிபுரோலீனும் மிகுதி. புரோலீன் என்பது நான்கு காபனும் ஒரு நைதரசனும் சேர்ந்த ஐயணு வளையம் உடையது. அவ்வளையத்தின் நான்காம் இடக் காபனில் ஒட்சிசன் ஒன்று புகுவதால் நேரும் பயன் யாது? 1973ஆம் ஆண்டிற் பேர்க், புரொக்கொப்பு என்னும் இருவர் அதனை அளந்து காட்டினர். அவ்வொட்சிசன் உள்ள கொலாசனின் மூவிழை 39 பாகை செல்சியசு அளவில் அவிழ்ந்தது. அது இல்லாத கொலாசனோ 24 பாகையிலேயே அவிழ்ந்துவிட்டது. மனிதவுடலின் வெப்பநிலை 37 பாகை. எனவே அவ்வோர் அணு இல்லையாயின், கொலாசன் உடலினுள்ளே முறுக்குண்டு நிற்க இயலாது. மாலுமியின் ஈறு கரைந்ததும் பழம் புண் திறந்ததும் இதனாலேயாம்.

ஓர் அணு இத்துணை உறுதியை எவ்வாறு தருகின்றது? அதே 1973ஆம் ஆண்டில் இராமச்சந்திரன், மஞ்சு பன்சால், பட்நாகர் ஆகிய மூவரும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். ஐதரொட்சிபுரோலீனின் ஒட்சிசன், இடையே நிற்கும் நீர் மூலக்கூறொன்றின் வாயிலாக ஐதரசன் பிணைப்புக்களால் இழைகளைப் பிணைக்கின்றது என்பது அதன் சாரம். 1994ஆம் ஆண்டில் வெளியான பளிங்கு ஆராய்ச்சியொன்று அத்தகைய நீர் மூலக்கூறுகள் மூவிழையைச் சூழ நிற்பதைக் காட்டியது. ஆயினும் 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விசுகொன்சின் பல்கலைக்கழகத்து இரேன்சு குழுவினர் வேறொரு பரிசோதனை செய்தனர். ஒட்சிசனுக்குப் பதிலாகப் புளோரீன் அணுவை அவ்விடத்தில் வைத்தனர். புளோரீன் அவ்வாறு நீரைப் பிணைக்கும் வலிமை அற்றது. எனினும் மூவிழை முன்னிலும் உறுதியாயிற்று. நீர் அங்கு உளது என்பது உண்மை. ஆனால் உறுதியின் முதன்மைக் காரணம் நீரன்று. இலத்திரன்களைத் தன்பால் ஈர்க்கும் அணு நான்காம் இடத்தில் நிற்பதால் புரோலீன் வளையம் ஏற்றவாறு வளைந்து நிற்பதே காரணம் என்பது பெறப்பட்டது. கருதுகோள் திருத்தப்பட்டதனால் அதனைக் கூறியவர் பெருமை குன்றாது. சோதித்தற்குரிய வகையிற் கூறப்பட்டமையாலன்றோ அதனைச் சோதிக்க முடிந்தது!

ஒட்சிசன் புகுந்தபின் நிகழ்வது இது. அதனைப் புகுத்தும் செயல் இதனிலும் நுட்பமானது. நொதியத்தின் உட்குழியில் ஓர் இரும்பணு உண்டு. இரண்டு இசுற்றிடீன்களும் ஓர் அசுபாற்றேற்றும் அதனை மூன்று புறத்தினின்றும் பற்றி நிற்கின்றன. எஞ்சிய இடத்தில் ஒட்சோகுளூட்டாரேற்று என்னும் துணைப்பொருள் வந்தமர்கின்றது. பின்னர் மாற்றவேண்டிய புரோலீன் அருகே வர, இறுதியில் ஒட்சிசன் மூலக்கூறு இரும்பை அடைகின்றது. ஒட்சிசனின் ஓரணு ஒட்சோகுளூட்டாரேற்றிற் சேர, அது காபனீரொட்சைட்டை விடுத்துச் சக்சினேற்றாக மாறுகின்றது. மற்றை அணு இரும்பின் மேலே தனித்து நிற்கின்றது. அவ்வேளையில் இரும்பு நான்காம் ஒட்சியேற்ற நிலையை அடைந்து, அளவிறந்த தாக்கவலிமை உடையதாகின்றது. அது புரோலீனின் நான்காம் காபனிலிருந்து ஓர் ஐதரசன் அணுவைப் பறித்து ஐதரொட்சிலாகி, உடனே அக்காபனிடமே சென்று பதிகின்றது. இரும்பு மீண்டும் தன் பழைய பெரசு நிலையை எய்தி அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகின்றது.

வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் இருக்க, உடல் ஏன் தானாகவே எரிந்துபோவதில்லை என்னும் வினா இங்கு எழலாம். ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு இலத்திரன்கள் இணை சேராது ஒரே வகைச் சுழற்சியோடு நிற்கின்றன. புரோலீன் போன்ற சேதனப் பொருள்களிலோ எல்லா இலத்திரன்களும் எதிரெதிர்ச் சுழற்சியோடு இணைந்துள்ளன. இவ்வேறுபாடு இரண்டுக்குமிடையே தடையாகின்றது. இரும்பணுவில் இணையாத இலத்திரன்கள் பல இருத்தலின் அது இருபாலார்க்கும் இடைநின்று அத்தடையை நீக்குகின்றது. நீக்கும் இடமும் ஒரு சிறு குழிக்குள்ளேயே; ஆகையால் தீ வீட்டைப் பற்றாது அடுப்பிலேயே நின்று தொழில் செய்கின்றது.

இவை யாவும் செக்கனின் மிகச் சிறு கூறுகளில் நிகழ்வன. இவற்றை எவரும் நேரிற் கண்டதில்லை. இங்கேதான் கணக்கு வேண்டப்படுகின்றது. அதன் இயல்பை இம்மலைநாட்டு வழிகளைக் கொண்டே விளக்கலாம். கித்துள்கலையிலிருந்து ஒரு தெருவும் நாவலப்பிட்டியிலிருந்து ஒரு தெருவும் மேலேறிக் கினிகத்தேனையில் வந்து கூடுகின்றன. மலைக்கு அப்பாற் செல்ல விரும்புவோன் சிகரத்தின் மீதேறிச் செல்வதில்லை. தாழ்ந்த கணவாயைத் தேடுகின்றான். இரசாயனத் தாக்கமும் அத்தகையதே. தாக்கமுறும் பொருளிலிருந்து விளைபொருளுக்குச் செல்லும் வழியில் ஒரு மேடு உண்டு. அதன் உயரமே ஏவற்சக்தி. நொதியம் செய்வது தாழ்ந்த கணவாய் ஒன்றைத் திறந்து விடுவதாகும். கணிப்பவர் செய்வது, இயலும் வழிகள் ஒவ்வொன்றிலும் கணவாயின் உயரத்தை அளந்து, எவ்வழியால் இயற்கை சென்றிருக்கும் எனத் தீர்மானிப்பதாகும்.

அளக்கும் கோல் குவாண்டம் பொறிமுறை. இலத்திரன்களின் நடத்தையைக் கூறும் சுரோடிங்கரின் சமன்பாடு 1926ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் பல இலத்திரன்கள் கூடிய மூலக்கூறுக்கு அதனைத் தீர்ப்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதாயிற்று. 1964, 1965ஆம் ஆண்டுகளில் வோல்ற்றர் கோனும் அவரோடு உழைத்தோரும், ஒவ்வோர் இலத்திரனையும் தனித்தனியே பின்தொடராது, இலத்திரன்களின் அடர்த்தி எங்கே எவ்வளவு என்பதை மட்டும் அறிந்தாலே சக்தியைக் கணிக்கலாம் என நிறுவினர். 1998ஆம் ஆண்டில் அவர்க்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. நொதியத்திலோ பல்லாயிரம் அணுக்கள் உள்ளன. இரும்பையும் அதனைச் சூழ்ந்த சிலவற்றையும் குவாண்டம் முறையாலும், எஞ்சிய புரதத்தை எளிய பொறிமுறையாலும் கணிக்கும் கலப்பு வழியை 1976ஆம் ஆண்டில் வார்செல், லெவிற்று ஆகியோர் நொதியமொன்றிற் கையாண்டனர். இத்துறைக்கு உழைத்தமைக்காக அவ்விருவரும் காப்பிளசும் 2013ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இரும்பு நான்காம் ஒட்சியேற்ற நிலையை அடைகின்றது என்னும் கருத்து 1982ஆம் ஆண்டிலேயே முன்மொழியப்பட்டது. அதனைப் பரிசோதனையாற் பிடித்துக் காட்டியோர் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தார். 2003ஆம் ஆண்டில் இவ்வினத்து நொதியமொன்றிலும், 2006ஆம் ஆண்டிற் புரோலில் ஐதரொட்சிலேசிலும், தாக்கம் நிகழும்போதே கரைசலைச் சடுதியாக உறையச் செய்து அவ்விரும்பின் நிலையை அவர் அளந்தனர். ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான சமதானியாகிய தூத்தேரியத்தை வைத்தபோது அவ்வேகம் பன்மடங்கு குறைந்தது. பறிக்கப்படுவது ஐதரசனே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கணித்தோர் வரைந்த வழியும் அளந்தோர் கண்ட இடைப்பொருளும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்றன.

இவ்விடத்தில் மற்றொரு வினா எஞ்சியது. வளையத்தில் ஐதரசனைத் தாங்கிய காபன்கள் பல இருக்க, இரும்பு நான்காம் இடத்தை மட்டும் தெரிந்தெடுப்பது ஏன்? மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி விசர் முதலியோரும் ஐதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழினுட்ப நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த கணிப்பு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சக்தியை மட்டும் நோக்கின் வேறோர் இடத்துத் தாக்கமே எளிதாதல் வேண்டும். ஆயினும் குழியின் வடிவும் புரோலீன் அதனுள் அமரும் வகையும் அதற்கு இடங்கொடாது, நான்காம் இடத்தையே இரும்பின் எதிரே நிறுத்துகின்றன என்பது அவர் கண்ட முடிவு. அளவுக்கு மீறி நெருங்கும் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்னும் அதே உண்மையையன்றோ 1963ஆம் ஆண்டிற் சென்னையார் படமாக வரைந்தனர்! கருவிகள் மாறின, வழிகாட்டிய நியாயம் மாறவில்லை.

கணிப்பின் எல்லையையும் கூறாது விடுதல் முறையன்று. ஏவற்சக்தியின் கணிப்பில், ஒரு மூலுக்கு 1.4 கிலோகலோரி அளவான பிழை நேரினும், உடல் வெப்பநிலையில் தாக்கவேகம் பத்து மடங்கு பிழைபட்டுத் தோன்றும். இரும்பைப் போன்ற உலோகங்களுக்கு அவ்வளவு பிழை எளிதில் நேரக்கூடியது. ஆகையால் ஒரு வழியின் உயரத்தைத் தனியே நம்புவதினும் இரு வழிகளை ஒப்பிட்டு நோக்குதலே தக்கது. பரிசோதனையோடு இசையாத கணக்கு எத்துணை பெரிய கணனியிலிருந்து வரினும் ஏற்கத்தக்கதன்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதுமன்று. உடலில் ஒட்சிசன் குறைந்ததா நிறைந்ததா என உணர்வதும் இவ்வினத்து வேறொரு நொதியமே. ஒட்சிசன் போதியதாயின் அது ஒரு புரதத்தின் புரோலீனை ஒட்சியேற்றி, அப்புரதம் அழிய வழிசெய்கின்றது. ஒட்சிசன் குறையின் அப்புரதம் தப்பி நின்று, செங்குழியங்களைப் பெருக்கும் கட்டளையைத் தூண்டுகின்றது. இதனைக் கண்ட கேலின், இரற்கிளிவு, செமென்சா ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். அந்நொதியத்தின் இரும்பைப் பற்றி அதனைத் தடுக்கும் உரொட்சதசுற்று என்னும் மருந்து, சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்காக 2018ஆம் ஆண்டிற் சீனாவில் அனுமதிக்கப்பட்டது. கொலாசனை ஆக்கும் இரும்பைத் தீண்டாது இவ்விரும்பை மட்டும் பற்றவல்ல மருந்தே வேண்டப்படுவது. இரு குழிகளின் வடிவ வேறுபாட்டை அணுவளவில் அறியாதார் அதனை ஆக்குதல் அரிது.

மாலுமிகளைக் காத்த பழத்தின் செய்தியோடு இதனை முடித்தல் தகும். சில வேளைகளில் நொதியம் புரோலீனை மாற்றாமலே ஒட்சோகுளூட்டாரேற்றை வீணே எரித்துவிடும். அப்போது அதன் இரும்பு பெரிக்கு நிலையிற் சிக்கித் தொழிலற்றுக் கிடக்கும். விற்றமின் சி ஓர் இலத்திரனை ஈந்து அதனைப் பெரசு நிலைக்கு மீட்கின்றது. உணவுக் குழலிலும் இதனையொத்த மாற்றமே நிகழ்கின்றது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் பெரிக்கு நிலையினது. உணவோடு உண்ணும் எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ அதனை உடல் ஏற்கும் நிலைக்குக் கொணர்கின்றது. உணவோடு பருகும் தேநீரின் பொலிபீனோல்கள் அவ்விரும்பைப் பற்றி உட்செல்லாது தடுக்கின்றன. தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாய்மார் குருதிச்சோகையால் வாடுவதைக் காணும் இப்பகுதியார்க்கு இவ்வறிவு பொழுதுபோக்கன்று. உணவோடு ஒரு துண்டு பழமும், உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீரும் என்பது எவரும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு.

ஓர் இரும்பணு, ஓர் ஒட்சிசன் அணு, ஐயணு வளையத்தில் ஓரிடம்: இம்மூன்றும் பொருந்திய இடத்தில் உடலின் உறுதி நிற்கின்றது. அதனைக் காண உதவிய கணக்கு, பெருநகரத்துக் கணனிகளுக்கு முன்னரே சென்னையிலொரு மேசையில் தொடங்கியது. கணக்கையும் இரசாயனத்தையும் வெவ்வேறு பாடங்களெனப் பிரித்துக் கற்கும் மாணாக்கர், இயற்கை அவற்றை அங்ஙனம் பிரித்து வைக்கவில்லை என்பதை இவ்வரலாற்றால் உணர்வாராக.